படம் எதை நம்பச் சொல்கிறது? குமரி மாவட்டத்தை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முதல் வருஷம் படிக்கிறேன். காட்சிப் பனுவல்கள், அதாவது படம், சிலை, போஸ்டர் மாதிரி கண்ணால் படிக்கிறவை, விழுமியங்களையும் மனப்பாங்குகளையும் நம்பிக்கைகளையும் எப்படி உணர்த்துகின்றன என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நிறம், கோணம், சட்டகம் (ஃப்ரேம்), குறியீடு என்று நோட்ஸில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதை வைத்து என்ன எழுதுவது என்று பிடிபடவில்லை. எனக்கு நாகர்கோவில் பக்கம். நம்ம ஊர் உதாரணங்களோடு விளக்க முடியுமா?

பதில்:

பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. சிவப்பு என்றால் கோபம், கீழிருந்து எடுத்தால் அதிகாரம் என்று மனப்பாடம் செய்துகொண்டு எழுதினால் மார்க்கும் வரும். ஆனால் அப்படி எழுதுகிற கட்டுரை எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி இருக்கும். பல வருஷமாக மாணவர்களுக்குப் படம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்விதான்: இந்த இடத்தில் வேறு எதைக் காட்டியிருக்க முடியும்? அதை ஏன் காட்டவில்லை?

படத்தைச் செய்தவருக்கு எது முக்கியம் என்பது அவர் தேர்ந்தெடுத்ததிலும் தள்ளிவிட்டதிலும் இருக்கிறது. தள்ளிவிட்டது நம் கண்ணில் படாது. அந்தக் காலத்தில், அந்த ஊரில் எது முடியும், எது கூடாது என்று தெரிந்தால்தான் அது புலப்படும். அதனால்தான் சொந்த ஊரை எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. யார் எதை உடுத்தலாம், எதைத் தலையில் கட்டலாம், எந்த உருவத்தைக் கும்பிடலாம் என்பதற்காகவே இருநூறு வருஷமாகப் போராடிய மாவட்டம் இது.

மூன்று சொற்களையும் சுருக்கமாகப் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். உண்மை என்று ஒருவர் எடுத்துக்கொள்வது நம்பிக்கை. வாழ்க்கையில் பெரிது என்று மதிப்பது விழுமியம். குறிப்பிட்ட ஒரு ஆள் மீதோ விஷயத்தின் மீதோ உள்ள சாய்வு மனப்பாங்கு. நடைமுறையில் மூன்றும் பின்னிக்கொண்டுதான் வரும். பிரித்துக் காட்டுவதிலேயே கட்டுரையின் பாதியைச் செலவழிக்க வேண்டாம்.

உடையிலிருந்து தொடங்கலாம். உடையும் காட்சிப் பனுவல்தான், அச்சடித்த படத்தைவிடப் பழையது. தோள்சீலைப் போராட்டம் பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து 1820-களில் தொடங்கி 1859 வரை நீண்ட போராட்டம் அது. அதன் முடிவில், 1859 ஜூலை 26 அன்று, உத்திரம் திருநாள் மகாராஜாவின் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. அதன் வாசகத்தை விஸ்காம் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும் என்பேன். கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல மற்ற நாடார் பெண்களும் ரவிக்கை போடலாம். மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்த விதத்திலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். மறைப்பதை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் தூரத்தில் ஒரு பெண் நடந்து வரும்போதே அவள் யார் என்று தெரிந்துவிட வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மனிதர்கள் பிறப்பிலேயே மேல் கீழ் என்பது நம்பிக்கை. அந்த வரிசை கலையாமல் இருப்பது விழுமியம். சட்டம் போட்டு அதைத் தோள்மேல் கிடக்கிற ஒரு முழத் துணியில் எழுதிவைத்தார்கள். தோள்சீலை போட்டு நடந்த பெண்கள் அதே துணியால் மறுப்பை எழுதினார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் குப்பாயம் (தளர்வான ரவிக்கை) அணிந்த பெண்கள் கேமராவை நேராகப் பார்த்து நிற்பதைக் காணலாம். 'பழைய படம், பழைய உடை' என்று தாண்டிப் போனால் அந்தப் படத்தில் உள்ள பாதி போய்விடும்.

அப்புறம், சுவாமித்தோப்பு. என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்தில் உள்ள மிகச் சிறந்த காட்சிப் பனுவல் அங்கேதான் இருக்கிறது. அய்யா வைகுண்டர் (1809–1851) வழியினர் கும்பிடுகிற பதியில், அதாவது அவர்களுடைய வழிபாட்டிடத்தில், சிலை கிடையாது. கருவறை போன்ற பள்ளியறையில் ஒரு நிலைக்கண்ணாடி, விளக்கு. கும்பிடப் போனால் விளக்கு வெளிச்சத்தில் உங்கள் முகமே உங்களுக்குத் தெரியும். கடவுள் உனக்குள்ளே இருக்கிறார் என்று எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள், பிரசங்கம் செய்திருக்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஒருவர் சும்மா இருந்துவிடலாம். கண்ணாடி முன்னால் நின்றால் சும்மா இருக்க முடியாது. பார்ப்பவர் வந்து நிற்காமல் அந்தப் படமே முழுமையாவதில்லை.

கோயிலுக்குள் நுழையக் கூடாது, கோயில் இருக்கும் தெருவில்கூட நடக்கக் கூடாது என்று விலக்கிவைக்கப்பட்ட மக்களுக்கு முன்னால் வைக்கப்பட்ட கண்ணாடி அது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு சிலையை வைத்திருக்கலாம். வேறு பல இயக்கங்கள் அப்படித்தான் செய்தன. இங்கே வைத்தது, தீண்டத்தகாதது என்று ஊர் சொன்ன அதே முகத்தை. கண்ணாடி என்ன அர்த்தம் தருகிறது என்பது அது வைக்கப்பட்ட இடத்தைப் பொறுத்தது. துணிக்கடை டிரையல் ரூமில் உள்ள கண்ணாடியும் கண்ணாடிதான். பின்னாளில் கேரளத்து நாராயண குருவும் 1927-இல் அங்குள்ள களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அவர் தவம் இருந்த இடங்களில் ஒன்று நம்முடைய மருத்துவாமலை.

பதிக்குள் போகும் ஆண்கள் தலைப்பாகை கட்டியிருப்பார்கள். மேல்துண்டு தோளில் கிடப்பதும், இடுப்பில் இறங்குவதும், கக்கத்தில் ஒடுங்குவதும் எதிரே நிற்பவரின் சாதியைப் பொறுத்து இருந்த காலம் அது. தலைப்பாகை கட்டும் உரிமை எல்லாருக்கும் இல்லை. கடவுள் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிப் பணிவது ஊர் வழக்கம் என்றால், அய்யா வழியில் அதே துண்டு தலைக்கு ஏறியது. நெற்றியில் இடும் வெள்ளை நாமமும் மேல்நோக்கி எரிகிற சுடரின் வடிவம். நிமிர்ந்து நில் என்று சொல்வதற்கு இதைவிட நேரான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடலாம். அதிகாரத்துக்கும் படமொழி நன்றாகவே தெரியும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். உப்பிரிக்கை மாளிகையின் மாடிகளை மறுபடி நினைத்துப் பாருங்கள். மன்னர் படுத்த மாடிக்கு மேலே, உச்சி மாடி பத்மநாப சுவாமிக்கு. சுவரெல்லாம் சித்திரம். 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிவைத்து, தான் அவனுடைய தாசன் என்று அறிவித்துக்கொண்டார். அந்த அறிவிப்பைக் கட்டடமும் சொல்கிறது: கடவுள் மேலே, ராஜா அவருக்குக் கீழே. பணிவு போலத் தெரியும். கூடவே இன்னொன்றும் அதில் இருக்கிறது: கடவுளுக்கு அடுத்த படியில் இருப்பவரை எதிர்ப்பது யாரை எதிர்ப்பது? ஒரே வடிவம் பணிவையும் அதிகாரத்தையும் சேர்த்தே பேச முடியும். கட்டுரையில் இந்த மாதிரி இரண்டு பக்கமும் பேசுகிற உதாரணம் ஒன்றாவது இருந்தால் எடை கூடும்.

அதே அரண்மனையோடு சேர்ந்தது தேவசகாயத்தின் கதை. நீலகண்டனாகப் பிறந்து, அரசுப் பணியில் இருந்து, 1745-இல் ஞானஸ்நானம் பெற்றவர். அவரைக் கைதுசெய்து, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப்போனார்கள் என்று வரலாறு சொல்கிறது. அது அன்றைய அரசு அரங்கேற்றிய காட்சி. பார்க்கிறவன் சிரிக்க வேண்டும், பயப்பட வேண்டும், இவன் வழியில் போகக் கூடாது என்று முடிவெடுக்க வேண்டும். 1752-இல் ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டு, தேவசகாயம் என்று மட்டும்.

இப்போது கோட்டாறு மறைமாவட்டத்துக் கோயில்களில் உள்ள அவர் படத்தைப் பாருங்கள். கையில் விலங்கு, காலில் சங்கிலி, கூப்பிய கை, மேலே பார்க்கும் கண். அவர் அரசு அதிகாரியாக மிடுக்காக இருந்த நாட்களை வரைந்திருக்கலாம். சபை தேர்ந்தெடுத்தது அவமானப்படுத்துவதற்காக மாட்டிய அதே சங்கிலியை. அடையாளம் மாறவில்லை, அதைப் பார்க்கும் கூட்டத்தின் நம்பிக்கை மாறியது. அதோடு அர்த்தம் தலைகீழானது. ஒரு பொருளுக்கு நிரந்தரமான அர்த்தம் கிடையாது, பார்க்கும் சமூகம் சேர்ந்துதான் அர்த்தத்தை முடிவுசெய்கிறது என்று உங்கள் பாடத்தில் ஒரு கோட்பாடு வரும். அதற்கு இதைவிட நல்ல சான்றைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

சரி, கன்னியாகுமரிக் கடலுக்கு வருவோம். எல்லாரும் எழுதுகிற உதாரணம், ஆனாலும் விடக் கூடாது. கணபதி ஸ்தபதி வடித்து, 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. அது குறளின் அதிகார எண்ணிக்கை. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம். அதன் மேல் சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து 95 அதிகாரம். பொருளும் இன்பமும் அறத்தின் மேல்தான் நிற்க வேண்டும் என்ற கருத்து கல்லின் அளவிலேயே கட்டப்பட்டிருக்கிறது. உயர்த்திய வலக்கையின் மூன்று விரல்களும் அந்த மூன்றைத்தான் சொல்கின்றன.

ஆனால் இதெல்லாம் யாராவது சொன்னால்தான் தெரியும். ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு பயணிக்கு 38-ம் 95-ம் எதுவும் இல்லை. அவருக்கும் எட்டுகிற மொழி ஒன்று அந்தச் சிலையில் உண்டு: இடுப்பின் வளைவு. நடனச் சிற்பத்தில் வருகிற அந்த லேசான சாய்வு இவ்வளவு பெரிய கல்லுக்கு ஒரு இளக்கத்தைக் கொடுக்கிறது. நம்ம ஊர் முக்குகளில் நிற்கும் தலைவர் சிலைகளோடு ஒப்பிடுங்கள். விறைத்த உடம்பு, நீட்டிய விரல், சில இடங்களில் சுற்றிலும் கம்பிக் கூண்டு. அந்தக் கூண்டைச் சிலை செய்தவர் திட்டமிட்டிருக்க மாட்டார். ஆனாலும் பார்ப்பவருக்கு அது படத்தின் பகுதிதான், நமக்குள் உள்ள பகையை அது சொல்லிக்கொண்டே நிற்கிறது.

நிறம் பற்றிப் பத்தி எழுத வேண்டும் என்றால் வள்ளுவரையே எடுத்துக்கொள்ளலாம். பாடப்புத்தகத்திலும் பஸ்ஸிலும் நாம் பார்க்கும் படம் வேணுகோபால் சர்மா வரைந்தது. 1964-இல் சட்டமன்றத்திலும் வைக்கப்பட்டது. வெள்ளை உடை, தாடி, கையில் எழுத்தாணியும் ஓலையும், நெற்றியில் எதுவும் இல்லை. எல்லாருக்கும் பொதுவானவர் என்ற விழுமியத்தை அந்த வெறும் நெற்றியும் வெள்ளையும்தான் தாங்குகின்றன. 2019 நவம்பரில் காவி உடையும் திருநீறுமாக ஒரு வள்ளுவர் படம் சமூக ஊடகத்தில் வந்தபோது நாடே கொந்தளித்தது. அதே முகம், அதே ஓலை. நிறமும் நெற்றியும் மாறியதும் அவர் யாருடையவர் என்ற கேள்வி எழுந்துவிட்டது. நிறத்துக்கு அர்த்தம் அகராதியிலிருந்து வருவதில்லை என்பதற்கு இதுவே போதும். துறவியின் உடம்பில் யாரும் கேள்வி கேட்காத காவி, வள்ளுவர் உடம்பில் ஒரு வாதமாக ஆகிவிடுகிறது.

பக்கத்துப் பாறை விவேகானந்தர் மண்டபம் 1970-இல் திறக்கப்பட்டது. உள்ளே நிற்கும் சிலையின் பார்வை எதிரே தேவியின் பாதத்தடம் உள்ள ஸ்ரீபாத மண்டபத்தை நோக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு மனிதரை எங்கே பார்க்கவைக்கிறோம் என்பதும் ஒரு நம்பிக்கையைச் சொல்லும். இங்கே அவர் தேவியின் பாதத்தைப் பார்க்கிறார், நம்மை அல்ல. 1970-இலிருந்து 2000 வரை கன்னியாகுமரி என்றால் போஸ்ட்கார்டில் ஒரு மண்டபம். அதற்கப்புறம் அதே சட்டகத்தில் இரண்டு உருவங்கள். யார் முன்னால், யார் பெரிது என்பதை இப்போது கேமரா வைக்கும் இடம் முடிவு செய்கிறது. சுற்றுலா விளம்பரங்களை நாலைந்து சேர்த்துவைத்துப் பாருங்கள், யார் வெளியிட்டது என்பதற்கும் எந்த உருவம் நடுவில் நிற்கிறது என்பதற்கும் உள்ள தொடர்பு தெரியவரும். 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இரண்டு பாறையையும் இணைத்துவிட்டது. கடல் சரியில்லை என்றால் வள்ளுவர் பாறைக்குப் படகு விட மாட்டார்கள், மண்டபத்தை மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். இனி இரண்டும் ஒரே நடையில் வருகிறது. இணைந்தவை என்று உடம்பே உணர்ந்துகொள்ளும்.

பெரிய சின்னங்களோடு நிறுத்திவிடாதீர்கள். சின்னங்களைச் செய்தவர்கள் யோசித்துச் செய்தார்கள். யோசிக்காமல் செய்கிற படங்களில்தான் ஒரு சமூகத்தின் மனப்பாங்கு அப்படியே வந்து விழும். என் மனசுக்கு மிக நெருக்கமான பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்யாண ஃப்ளெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் வைக்கிற பலகையில் மாப்பிள்ளை கூலிங் கிளாஸோடு பெரிதாக நிற்பார். கீழே இரண்டு மூன்று வரிசையில் கூட்டாளிகளின் முகங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பெயர். பெண் ஓரத்தில். பெண்ணின் தோழிகள் யாரும் அதில் இல்லை. அவர்களுக்குத் தோழிகளே இல்லையா? ரோட்டோரத்தில் முகம் காட்டுவது ஆணுக்குப் பெருமை, பெண்ணுக்கு அது வேறு மாதிரிப் பேச்சாகிவிடும் என்ற மனப்பாங்குதான் அந்தப் பலகையை வடிவமைத்திருக்கிறது. டிசைன் செய்த பையனைக் கேட்டால், எல்லாரும் இப்படித்தானே போடுகிறார்கள் என்பான். அவன் சொல்வது உண்மை. எல்லாரும் செய்வதால் யாருக்கும் தெரியாமல் போய்விட்ட தேர்வுகளைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஒரு பெரியவர் இறந்தால் பெரும்பாலும் ஸ்டூடியோவில் எடுத்த படம் இருக்கும். சட்டை பொத்தான் தெளிவாகத் தெரியும், பின்னணி தெளிவு, கீழே 'ஓய்வு பெற்ற' என்று தொடங்கி ஒரு பதவி. அதே வயது அம்மா ஒருவர் இறந்தால் படத்தைப் பாருங்கள். பல சமயம் முகம் மங்கி, கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். ஒரு தோளில் இன்னொருவர் கை இருந்த இடத்தை வெட்டிச் சரிசெய்த தடம் தெரியும். யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலிருந்தோ, ரேஷன் கார்டிலிருந்தோ, ஆதாரிலிருந்தோ எடுத்துப் பெரிதாக்கிய முகம். அந்த அம்மாவைத் தனியாக உட்காரவைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எழுபது வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் யாரும் அவரை வெறுத்திருக்க மாட்டார்கள், அழுதுகொண்டேதான் போஸ்டர் அடிக்கக் கொடுத்திருப்பார்கள். ஆனால் எது படம் எடுக்கத் தகுந்தது, எது தகாதது என்ற கணக்கு அந்த மங்கலில் இருக்கிறது. தொழில்நுட்பக் குறை என்று நோட்ஸில் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

இதற்கு நேரெதிரான ஒன்றைக் கடலோரத்தில் பார்க்கலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது டிவியில் நாம் பார்த்தது ஆகாயத்திலிருந்து எடுத்த காட்சிகள். கடல் பெரிதாக, படகு புள்ளியாக. மேலிருந்து பார்த்தால் மனிதன் எண்ணிக்கையாகத்தான் தெரிவான். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. காணாமல் போனவர்களின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் நிற்கும் காட்சிகள் அந்த நாட்களில் திரும்பத் திரும்ப வந்தன. பாஸ்போர்ட் சைஸ் படம், நெஞ்சுக்கு நேராக, கேமராவை நோக்கி. எங்கள் ஆட்களைப் புள்ளியாகக் காட்டாதே, முகத்தைப் பார் என்று கேட்கிற படம் அது. பிறகு அந்த ஊர்களில் வைத்த நினைவுப் பலகைகளில் முகங்களை ஒரே அளவில் வரிசையாகப் போட்டார்கள். படகு முதலாளி, கூலிக்குப் போனவர் என்று பெரிது சிறிது இல்லை. கல்யாண ஃப்ளெக்ஸ் அடிக்கிற அதே கடை, அதே மென்பொருள்தான். அளவைச் சமமாக வைக்க வேண்டும் என்று தோன்றியது அங்கே மதிப்பு மாறியதால்.

கட்டுரைக்கு என் யோசனை: சிலையைப் பற்றி ஒரு பத்தி போதும், அதை எல்லாரும் எழுதுவார்கள். உங்கள் தெருவில் இருக்கும் ஒரு ஃப்ளெக்ஸையோ அஞ்சலி போஸ்டரையோ எடுத்துக்கொண்டு நேரே அதை அடித்த கடைக்குப் போங்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூலப்படம் எது, அதில் யாரை வெட்டினார்கள், யார் முகத்தை வெளுப்பாக்கச் சொன்னார்கள், யாருடைய பெயர் முதலில் வர வேண்டும் என்று சண்டை வந்தது என்று கேளுங்கள். கடைக்காரர்கள் இதையெல்லாம் தாராளமாகச் சொல்வார்கள், தினமும் பார்க்கிற விஷயம் அவர்களுக்கு. சம்பந்தப்பட்ட வீட்டாரின் பெயரைக் கட்டுரையில் போடாதீர்கள். துக்க வீடு என்றால் கொஞ்ச நாள் கழித்தே கேளுங்கள். மூலப்படத்தையும் அச்சான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வரி எழுதினாலே உங்கள் கட்டுரையின் நடுப்பகுதி தயார். நோட்ஸில் உள்ள நிறம், கோணம், சட்டகம் எல்லாம் அதற்குள் தானாகவே வந்துவிடும். எழுதும்போது எங்காவது நின்றுபோனால் மறுபடி கேளுங்கள், சொல்கிறேன்.